ஊழியம் முடிந்து வந்தவள்

ஒன்றரை வருஷம் வெளியூரில் சபையின் முழுநேர ஊழியம் செய்துவிட்டு வீடு திரும்புகிற ஒருத்தி, ரயில் நின்றதும் பெட்டியும் கையுமாக முதல் ஆளாக இறங்குவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிஸ்டர் கடைசி ஆளாக இறங்கினாள்.

வீட்டுக்கு வரப் பிடிக்காமல் இல்லை. விடிந்ததிலிருந்து மனசுக்குள் ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது இன்னும் வாய்க்குப் பழகவில்லை.

முந்தின நாள் அவள் ரயிலேறியபோது, ஊழியத்தில் அவளோடு ஜோடியாக வீடு வீடாக நடந்த சின்னப் பெண் ஜன்னல் கம்பியை விடாமல் அழுதாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. அங்கே ஊழியத்துக்குப் பொறுப்பான அம்மாள் சிஸ்டரைத் தனியே அழைத்து, "இன்னொரு வருஷம் வாங்க. புதுசா வர்ற பொண்ணுங்களைப் பழக்கறதுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வேணும். வீட்டுல எல்லாரையும் பாத்துட்டு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்" என்றிருந்தார்.

சிஸ்டர் என்பது அவள் பெயரல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றுச் சபை ஊழியத்துக்குப் போனால் அங்கேயும் சிஸ்டர். "வேலைதான் மாறுது, கூப்பிடற பேரு மாறல. புதுசா போர்டு எழுத வேண்டாம்" என்று அவள் கணவர் அன்றைக்குக் கேலி செய்தார்.

அந்தக் கணவரைத்தான் இப்போது பிளாட்பாரத்தில் காணவில்லை.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ஹாரன். இந்த முனையில் நின்று பேசினால் அந்த முனையில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார், அப்படிக் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவளை வேறு யாருடைய வண்டியிலும் ஏற விட்டதில்லை. "என் பொண்டாட்டி உக்கார்ற வண்டிக்கு இன்னொருத்தன் பிரேக் போடறதா?" என்பார்.

"அம்மா!"

மகள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். முப்பது வயசு. கல்யாணப் பேச்சை எடுத்தால் கடைக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவாள். அம்மாவைக் கட்டிக்கொண்டவள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் விடாமல் நின்றாள்.

"அப்பா எங்கடி?"

"வீட்டுலம்மா. சமையல். நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு காலையில இருந்து ஒரே அமர்க்களம். கரண்டியை வெச்சுக்கிட்டு என்னை உள்ளயே விட மாட்டேங்கறாரு."

வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய பழைய கார் நின்றிருந்தது. மகள் டிரைவர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"உனக்கு யாரு சாவி கொடுத்தா?"

"அப்பாதான்."

"அவரா? அவர் கையால எடுத்து?"

"கையால எடுத்துதாம்மா. ஏறுங்க."

வழியெல்லாம் மகள் ஓயாமல் பேசினாள். கடை முதலாளியின் வாய்நாற்றம், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, எதிர் வீட்டார் சுவருக்கு அடித்திருக்கிற கண்ணைக் குத்தும் பச்சை. இவ்வளவு பேசினால் இவள் எதையோ மறைக்கிறாள் என்று தாய்க்குத் தெரியும். ஆனால் தானே ஒன்றை மறைத்து வைத்திருப்பவளுக்கு இன்னொருத்தர் மறைப்பதைத் துருவிக் கேட்க மனம் வருவதில்லை.

சிக்னலில் நின்றபோது மகள் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "முடிஞ்சுதுல்லம்மா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?"

"சாயங்காலம் நம்ம சபை மூப்பர் ஜெபம் பண்ணி விடுவிச்சாத்தான் முடிஞ்ச கணக்கு. அதுவரைக்கும் நான் ஊழியத்துலதான் இருக்கேன்." மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்புறம் முடிஞ்சுதுல்ல?"

சிஸ்டர் வெளியே பார்த்தாள். "பச்சை விழுந்துடுச்சு பாரு" என்றாள்.

*

அவர் வாசலில் நின்றார். சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். இளைத்திருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது.

"வா வா" என்றார். குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"என்னங்க, குரல் எங்க போச்சு?"

"தொண்டைக்கட்டு."

"போன்லயும் அதைத்தானே சொன்னீங்க? அது முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

"அது பழைய கட்டு. இது புதுசு" என்று சிரித்தார். பெட்டியைத் தூக்க அவர் கை நீளவில்லை. மகள் முந்திக்கொண்டு தூக்கினாள். இத்தனை வருஷமும் ஒரு கைப்பையைக்கூட அவளைத் தூக்க விடாத மனுஷன், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டார்.

மாடியிலிருந்த கட்டில் கீழே முன்னறைக்கு வந்திருந்தது. கேட்டதற்கு, மாடியில் வெயில் தாங்கவில்லை என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

சமையலறையில் நுழைந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய டப்பாக்கள் ஒன்றுகூடப் பழைய இடத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் பஸ் பலகைபோல ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'சர்க்கரை, மேல் தட்டு வழி.' 'டீத்தூள், அடுப்பு வழி, இடையில் நிற்காது.'

"என் சமையலறைங்க இது."

"இருந்துச்சு. ஒன்றரை வருஷமா ரூட் மாத்திட்டோம். பழகிக்கோ."

அவள் கை தானாக உப்பு ஜாடி இருந்த இடத்துக்குப் போனது. அங்கே பருப்பு இருந்தது. உப்பு ஜாடியை எங்கேயும் காணோம்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். காய்கறி சூப், வேகவைத்த முட்டை, ரொட்டி. சூப்பில் ஒரு கல் உப்பு இல்லை.

"என்னங்க இது, வெந்நீர் மாதிரி இருக்கு?"

"உப்பு கெடுதல்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ? சொன்னது போதும்னு நாங்களே கடைப்பிடிக்கிறோம்."

அவள் நம்பினாள். நம்ப வேண்டும் என்றிருந்தது, நம்பினாள். பிறகு ஊழியத்துக் கதைகளை எடுத்துவிட்டாள். வாரா வாரம் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தும் ஒரு அம்மாள் இருந்தாள். ஒரு நாள் சிஸ்டரும் அந்தச் சின்னப் பெண்ணும் அந்தத் தெருவில் மழையில் மாட்டிக்கொண்டார்கள். ஜன்னல் திறந்தது. ஒரு குடை வந்து காலடியில் விழுந்தது. "சாமியைப் பத்திப் பேசாதீங்க. குடையைத் திருப்பிக் கொடுக்க மட்டும் வாங்க!"

"போனோம். குடையைக் கொடுத்தோம். சாமியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்தம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, 'என்ன, பேச மாட்டீங்களா?'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க!"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

இருமல் வந்த அந்த நொடியில், பார்க்காமலே, அவர் கை பக்கத்து நாற்காலிக்குப் போனது. அங்கே கிடந்த சின்னத் தலையணையை எடுத்து மார்போடு இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருமினார். இருமி முடித்து, பழைய இடத்தில் வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

சிஸ்டரின் கையிலிருந்த ரொட்டி சூப்பில் விழுந்தது.

அந்தத் தலையணையை அவளுக்குத் தெரியும். மார்பெலும்பைப் பிளந்து இதயத்தில் அறுவை செய்து திரும்பக் கம்பி போட்டுக் கட்டியவர்களுக்கு, இருமினால் எலும்பு விட்டுப்போகும்போல உயிர் போகும். அதனால் வார்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தலையணை கொடுப்பார்கள். "இருமல் வந்தா இதைக் கட்டிப் பிடிச்சுக்குங்க. வெட்கப்படாதீங்க." இதை எத்தனை பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

கீழே பார்த்தாள். அவர் கால்மேல் கால் போட்டிருந்தார். பேன்ட் சற்றே ஏறியிருந்தது. கணுக்காலுக்கு மேலே உட்புறத்தில், நூல் பிடித்து இழுத்ததுபோல இளஞ்சிவப்பாக ஒரு கோடு மேலே போயிற்று. இதயத்துக்கு வைக்க ரத்தக் குழாயை எடுக்கும் இடம் அது.

"அப்புறம்?" என்றார் மறுபடி.

"அப்புறம் என்ன, அந்தம்மா எங்களுக்கு டீ கொடுத்தாங்க" என்று சொல்லி, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றாள் சிஸ்டர்.

"என்ன எப்போ?"

"பைபாஸ்."

மகளின் கையில் தட்டு அப்படியே நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா சொல்லிட்டாரா?"

"அவர் ஏன் சொல்லணும்? தலையணையைக் கட்டிக்கிட்டு இருமறாரு. காலில தழும்பு. கட்டில் கீழ வந்திருக்கு, உப்பு காணாமப் போயிருக்கு, கார் சாவி உன் கையில இருக்கு. நான் என்ன வேலை பாத்து பென்ஷன் வாங்கறேன்னு மறந்துட்டீங்களா ரெண்டு பேரும்? எப்போடி?"

"ரெண்டு மாசம் ஆகப் போகுது."

வாரத்துக்கு ஒரு தடவை வீட்டோடு பேசலாம் என்பது ஊழியத்தில் விதி. ரெண்டு மாசத்துக்கு முன்னால் சில வாரம் போனில் முகம் தெரியவில்லை. கேமரா ரிப்பேர் என்றாள் மகள். அவர் நாலு வார்த்தை பேசினார், தொண்டைக்கட்டு என்றார். அந்த வாரங்களில் தான் என்ன செய்தோம் என்று சிஸ்டர் யோசித்துப் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்தாள். போனை வைக்கிறவரை தன் கதையே பேசினாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை காது கொடுத்திருந்தால் போதும். வேறு யார் புருஷனாக இருந்திருந்தாலும் கொடுத்திருப்பாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் உன் அம்மாடி. அன்னியக்காரியா?"

"சத்தியம் வாங்கிட்டாரும்மா. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு என் கையைப் பிடிச்சு, அம்மாவுக்குச் சொல்லாதேன்னு. அந்த நேரத்துல கேட்டா நான் என்ன சொல்ல முடியும்? மாட்டேன்னா?"

மகள் குழாயை மூடினாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் தாழ்ந்த குரலிலேயே வந்தது. பக்கத்து அறையில் அப்பா இருக்கிறார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? யாரோ ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில, துணைக்கு ஆள் இல்ல, நான் கூடவே உக்காந்திருந்தேன்னு. கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், அவங்களுக்கு அது பெரிய தெம்பா இருந்துச்சுன்னு. சந்தோஷமா சொன்னீங்க. நான் அப்ப ஐ.சி.யூ. வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் உங்க போனைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். 'நல்ல காரியம்மா'ன்னேன். வேற என்ன சொல்றது?"

சிஸ்டர் மகளின் ஈரக் கையைப் பிடித்தாள். மகள் இழுத்துக்கொள்ளவில்லை. பிடி கொடுக்கவும் இல்லை.

"எனக்குக் கோபம்னு நெனக்காதீங்க" என்றாள். "கோபம்தான். ஆனா உங்க மேல மட்டும் இல்ல."

"சொல்லியிருந்தா நான் பறந்து வந்திருப்பேனே!"

"அதை அப்பாகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மகள் அடுத்த தட்டை எடுத்தாள்.

*

அவர் முன்னறைக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தாலும் தூங்கவில்லை.

"தெரிஞ்சு போச்சா?" என்றார்.

"பட்டனைக் கழட்டுங்க."

"வந்ததும் வராததுமா..."

"கழட்டுங்க."

அவரே கழற்றினார். கழுத்துக் குழியிலிருந்து மேல்வயிறுவரை தழும்பு நேராக இறங்கியது. சிஸ்டர் குனிந்து பார்த்தாள். விரலை இரண்டு பக்கமும் வைத்து மெல்ல அழுத்தினாள்.

"நல்லா ஆறியிருக்கு. சீழ் வைக்கல. தையல் போட்டவர் கை சுத்தமான கை" என்றாள். அதுவரைக்கும் நர்ஸாக இருந்தாள். அடுத்த நொடி முடியவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க சொல்லல?"

"சாமி காரியமாப் போனவளைப் பாதியில இழுக்கக் கூடாதுன்னு..."

"அது ஊருக்குச் சொல்ற பதில். எனக்குச் சொல்லுங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டு, நீ வந்துட்டா சரி" என்றார் கடைசியில். "வரலைன்னா?"

"வராம இருப்பேனாங்க?"

"வந்திருப்பம்மா. எனக்குத் தெரியும். ஆனா உடனே வந்திருப்பியா, இல்ல, ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன், பொறுப்பாளர் அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு ஒரு நாள் தள்ளியிருப்பியா? அது எனக்குத் தெரியல. அந்த ஒரு நாளை மனசுல வெச்சுக்கிட்டு என்னால ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போக முடியாது. கூப்பிடாமப் போனா, நீ கண்டிப்பா வந்திருப்பேன்னு நெனச்சுக்கிட்டே போகலாம்ல? அப்படித்தான் போனேன்."

இது அநியாயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. என்னைப் பற்றி இவ்வளவுதானா தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். கேட்டிருப்பாள். ஆனால் காலையில் ரயிலில், இந்த வீட்டின் வாசலைக்கூட மிதிக்காமல், யாரையும் கேட்காமல், ஒரு பதிலைப் பாடம் பண்ணிக்கொண்டு வந்தவள் அவள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் இல்லை.

"இன்னொரு வருஷம் கூப்பிடறாங்க" என்றாள்.

"யாரு?"

"அங்கதான். புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி கொடுக்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"போயேன்."

"என்னங்க!"

"நெசமாத்தான். நான் நல்லாத்தான் இருக்கேன். நடக்கறேன், சூப்பு வைக்கறேன். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள்ல கார் ஓட்டலாம்னுட்டாரு. போ."

"ரயில்ல வரும்போது போறதாத்தான் முடிவு பண்ணியிருந்தேன்."

அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இனி இந்த வீட்டில் மறைக்கிறதுக்கு இடம் இருக்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். அவர் முகம் மாறவில்லை. "சரி" என்றார். பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, படியில் நின்று பொறுப்பாளர் அம்மாளுக்குப் போன் போட்டாள்.

"வீடு போய்ச் சேந்தீங்களா சிஸ்டர்? எல்லாரும் சுகமா?"

"சுகம்மா. நான் வரல."

"நல்லா யோசிச்சீங்களா? இன்னும் நேரம் இருக்கே."

"யோசிச்சா வந்துடுவேன். அதனாலதான் யோசிக்காமச் சொல்றேன். வேற ஆளைப் பாருங்க."

"வருத்தமா இருக்கீங்களா?"

"இல்லம்மா. அங்க நான் ரொம்பச் சந்தோஷமா இருந்தேன். இவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கக் கூடாதோன்னு இப்பத்தான் தோணுது."

"அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர்" என்றார் அந்த அம்மாள். வேறு எதையோ சொல்லவும் வந்தார். சிஸ்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பாரம் இறங்கும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. வீட்டில் எல்லாம் இருந்தது, கணவர் உயிரோடு இருந்தார், மகள் கண்ணெதிரே இருந்தாள், கால் ஊன்றி நிற்கிற தரை தன்னுடைய தரை. ஆனாலும் பாதித் தெருவில் வேலையை விட்டுவிட்டு வந்தவள் மாதிரி நின்றாள். அங்கே இன்னும் தட்டாத கதவுகள் இருந்தன.

*

சபையின் மூப்பர் மருந்துக் கடைக்காரர். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு ஜெப அறைக்கு வந்தார். நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஆள் யாரும் இல்லை.

"எல்லாருக்கும் தெரியும், இல்லையாண்ணே?" என்றாள் சிஸ்டர் எடுத்த எடுப்பில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திரை கொடுக்கறது நான்தானே சிஸ்டர்."

"தெருவுக்கே தெரியுமா?"

"பால் போடறவர் வரைக்கும். உங்க வீட்டுக்காரர் எல்லார் வாயையும் பூட்டிட்டாரு. குரல் போனாலும் அதிகாரம் போகல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு அவர் எழுந்து நின்றார். ஊழியத்தை முழு மனசோடு செய்தீர்களா என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"செஞ்சேன். முழு மனசும் அங்கதான் இருந்துச்சு. இங்க கொஞ்சம்கூட மிச்சம் வெக்கல. அது சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

"அதைச் சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்ல சிஸ்டர்" என்றார் மருந்துக் கடைக்காரர். தலையில் கை வைத்து ஜெபித்தார். "நீங்க போன வேலை முடிஞ்சுது. சமாதானமா வீட்டுக்குப் போங்க" என்றார். அட்டையை அவளே கழற்றினாள். சேலைத் தலைப்பில் ஊசி குத்தின இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. அவற்றை விரலால் நீவிவிட்டாள். நீங்கவில்லை.

கிளம்பும்போது மூப்பர் தயங்கினார்.

"ஒண்ணு சொல்லவா வேண்டாமான்னு பாக்கறேன். அவருக்கு நெஞ்சுவலி வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கடைக்கு வந்தாரு. மருந்து எதுவும் கேக்கல. கூட்டம் போகட்டும்னு நின்னாரு. அப்புறம் கேக்கறாரு: 'பொண்டாட்டி ஊழியத்துல இருந்தா, புருஷனும் போய்ச் சேந்துக்கலாமா? எனக்கு வேதம் ஒண்ணும் பெருசாத் தெரியாது. வண்டி ஓட்டுவேன்'னு."

"அவரா கேட்டாரு?"

"அவரேதான். ஞாயித்துக்கிழமை கடைசி வரிசையில உக்காந்து தூங்கற அதே மனுஷன்தான். சரின்னு ஆனப்புறம் அவகிட்ட சொல்லிக்கலாம்னாரு. மேலிடத்துல கேட்டேன். தம்பதியா வரலாம், தடையில்லன்னுட்டாங்க. சொல்லலாம்னு வீட்டுக்குப் போறேன், வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது."

*

அவர் மாலை நடையை முடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் வெயில் இறங்கி, எதிர் வீட்டுப் பச்சைச் சுவர்கூடக் கண்ணைக் குத்தாமல் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் சேலைத் தலைப்பைப் பார்த்தார். அட்டை இல்லை என்று பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

"மூப்பர் சொல்லிட்டாருங்க" என்றாள்.

"அந்த ஆளு வாய்ல மாத்திரைகூட நிக்காது."

"எதுக்குங்க கேட்டீங்க? உங்களுக்கு எப்ப இருந்து இவ்வளவு பக்தி?"

"பக்தி இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன்." முழங்காலைத் தடவினார். "வாரா வாரம் போன்ல சிரிப்ப. ஏதாவது கதை சொல்லிட்டுச் சிரிப்ப. இத்தனை வருஷம் ஒரு வீட்டுல இருந்தோம், அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வருவ, நான் டிப்போவுல இருந்து வருவேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், படுத்துக்கோ. இவ இப்படிச் சிரிக்கறப்போ மூஞ்சி எப்படி இருக்கும்னு நேர்ல பாக்கணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் கேட்டேன். சாமி கோவிச்சுக்கும்னா கோவிச்சுக்கட்டும்."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அதில் போனவன் இவர்களுக்குக் கையாட்டினான். இவரும் கையாட்டினார், பாதி உயரம்தான் கை போனது.

"அவங்களுக்கு என்ன பதில் சொன்ன?" என்றார் அவர்.

வரவில்லை என்று சொன்னேன் என்றால், இனி ஒவ்வொரு நாளும் அந்த 'வரவில்லை'க்குக் காரணம் தன் மார்புதான் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மதியம் இந்த வீட்டில் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்ததும் நினைவிருந்தது.

"இன்னும் சொல்லலைங்க" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அதான் சரி. அவசரப்படாதே" என்றார் அவர். குரலில் பழைய ஹாரன் லேசாக எட்டிப் பார்த்தது. "நாமும் யோசிப்போம்."

நாமும் என்றார்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மகள் ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாகக் கதவருகே நின்றிருந்தாள். மதியம் சிஸ்டர் பின்கதவுப் படியில் நின்று பேசியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள்; கேட்டிருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் புதிதாக வந்திருந்த வெளிச்சத்தையும் பார்த்தாள். மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஒரு சத்தியத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றியே களைத்துப் போனவள் அவள். இன்னொன்றுக்கு அவளிடம் தெம்பு இருக்குமா என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை.